பெட்டியில் ஊர் சுற்றிய பறவைகள்

1899-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸுவாலாஜிக்கல் போட்டோகிராபிக் கிளப் என்ற சிறு சங்கம் தொடங்கியது. காட்டுயிர்களைப் படமெடுப்பவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். ஒருவர் யார்க்ஷயரில் இருப்பார், இன்னொருவர் நார்ஃபோக்கில் இருப்பார். மாதாமாதம் ஒரே கூரையின் கீழ் கூட வழியில்லை. ஆகவே சங்கத்தின் உயிர்நாடி அஞ்சல்துறையாக இருந்தது. ஆட்கள் கூடுவதற்குப் பதிலாகப் படங்கள் ஊர் சுற்றின.

இத்தகைய அஞ்சல் சங்கங்களின் நடைமுறை எளிமையானது. ஒரு பெட்டி. அதில் ஒவ்வொரு உறுப்பினரின் அச்சுப்படமும், அதோடு ஒரு தாளும் இருக்கும். பறவையின் பெயர், எடுத்த இடம், பயன்படுத்திய லென்ஸ், ஒளி விழவிட்ட நேரம் எல்லாம் தாளின் தலைப்பில். கீழே வெற்றிடம். பெட்டி வந்து சேர்ந்ததும் உறுப்பினர் ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தம் கருத்தை அந்த வெற்றிடத்தில் எழுத வேண்டும். பிறகு தம்முடைய பழைய படத்தை எடுத்துக்கொண்டு, புதியது ஒன்றை வைத்து, பெட்டியைக் கட்டி அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு சுற்று முடிந்து பெட்டி திரும்பும்போது, தம் படத்தைப் பற்றி மற்ற அனைவரும் எழுதியதை அவர் ஒருசேரப் படிப்பார்.

வாரக்கணக்கில் காத்திருந்து பெறும் விமர்சனம் அது. முகம் பாராமல் எழுதுவதால் தாட்சண்யத்துக்கு அதிக இடமில்லை. எழுதுகிறவரின் படமும் அதே பெட்டியில் இருப்பதால் அலட்சியமாக எழுதவும் முடியாது. பறவை ஒளிப்படக் கலையில் புதியவர்கள் தேறி வந்த வழியை ஆராய்ந்தால், இந்தப் பெட்டி ஒரு முக்கியமான மைல்கல். நூறாண்டுகளுக்கு மேலாக இந்தக் கலை பள்ளிக்கூடத்திலோ பாடப்புத்தகத்திலோ வளர்ந்ததைவிட, அடுத்தவர் கண்ணில் படத்தை வைத்துக் கேட்டதால்தான் அதிகம் வளர்ந்திருக்கிறது.

அதற்குக் காரணம் தொழிலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கற்றுக்கொடுக்க யாருமே இல்லை.

1892 ஏப்ரல் 10 அன்று, லண்டனை அடுத்த என்ஃபீல்டு பக்கம், செர்ரி கியர்ட்டன் என்ற இளைஞர் ஒரு பாடும் த்ரஷ் பறவையின் கூட்டை முட்டைகளோடு படமெடுத்தார். அவருடைய அண்ணன் ரிச்சர்டு எழுத்தாளர். பறவைகளை நன்கு அறிந்தவர். யார்க்ஷயரின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் பிறந்த இந்தச் சகோதரர்கள், அந்த ஒரு படத்திலிருந்து ஒரு நூலுக்கே திட்டமிட்டார்கள். 1895-இல் வெளிவந்த அவர்களுடைய நூலில் பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகள் களத்தில் எடுத்த ஒளிப்படங்களாகவே இடம்பெற்றன. அதே 1895-இல் ஆர். பி. லாட்ஜ், கூட்டில் அமர்ந்து அடைகாக்கும் ஆள்காட்டிப் பறவையின் படத்துக்காக ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியின் பதக்கம் பெற்றார்.

கூடும் முட்டையுமே தொடக்ககாலப் படங்களில் திரும்பத் திரும்ப வருவதற்குத் தொழில்நுட்பமே காரணம். கண்ணாடித் தகடுகளின் ஒளியுணர்வு குறைவு. லென்ஸ்களுக்குத் தொலைவிலிருந்து இழுத்துக் காட்டும் திறன் போதாது. பறக்கிற பறவையைப் பிடிப்பது மிகக் கடினம். கிளை விட்டுக் கிளை தாவுவதும் தகட்டில் வெறும் கறையாகத்தான் விழும். ஒரு பறவை ஒரே இடத்துக்கு நிச்சயமாகத் திரும்பி வந்து சற்று நேரம் அசையாமல் இருக்கும் என்றால், அது கூட்டில் மட்டும்தான். ஆகவே பறவையை அணுகும் வித்தையே கலையின் பெரும்பகுதியாக இருந்தது.

அந்த வித்தையைக் கியர்ட்டன் சகோதரர்கள் பட்டுப்பட்டே கற்றார்கள். 1900-இல் ஒரு காளையின் தோலை வாங்கி, உள்ளே சட்டம் கட்டி, ஆள் நுழையும்படி பொய்க்காளை ஒன்று செய்தார்கள். புல்வெளியில் மேயும் காளையைப் பறவைகள் சந்தேகிக்காது என்பது கணக்கு. கணக்கு சரிதான், உள்ளே இருப்பவரின் நிலைமைதான் மோசம். ஒருமுறை ரிச்சர்டு உள்ளேயே மயங்கிவிட, காளை கால்களை வானத்தில் நீட்டியபடி குடைசாய்ந்தது. செர்ரி அதையும் ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் அண்ணனை வெளியே இழுத்தார். இந்தச் சோதனைகளையெல்லாம் ரிச்சர்டு தம் நூல்களிலும் மாயவிளக்குச் சொற்பொழிவுகளிலும் மறைக்காமல் சொன்னார். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பது அடுத்து வந்தவர்களுக்குக் கையேடாயிற்று.

அப்படி வந்தவர்களுள் ஒருவர் எம்மா டர்னர். 1900-இல் ரிச்சர்டு கியர்ட்டனைச் சந்தித்த பிறகே அவர் கேமராவைக் கையில் எடுத்தார். நார்ஃபோக்கின் நாணல் ஏரிகளில் படகு வீட்டில் தங்கிப் பறவைகளைக் கவனித்தார். 1911-இல் அங்கே ஒரு இளம் பிட்டர்னை, அதாவது நாணலில் ஒளிந்து வாழும் பெருங்குருகின் குஞ்சை, படமெடுத்தார். பிரிட்டனில் அந்தப் பறவை இனப்பெருக்கம் செய்வது கண்ணில் படாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. டர்னரின் படம் அது திரும்பி வந்துவிட்டதற்குச் சாட்சியாயிற்று.

இந்த நிகழ்ச்சி அந்தக்கால விமர்சனத்தின் இயல்பைப் புரியவைக்கிறது. பறவைப் படத்தைப் பார்க்கிறவர்களிடம் இரண்டு கண்கள் இருந்தன. ஒன்று ஒளிப்படக்காரரின் கண்: கூர்மை விழியில் விழுந்திருக்கிறதா, பின்னணியில் இரைச்சல் உண்டா, வெண்மை எரிந்துபோயிருக்கிறதா என்று பார்க்கும். மற்றது பறவை அறிந்தவரின் கண்: இந்தப் பறவை இயல்பாக இருக்கிறதா, இறகுகளை ஒட்டிக்கொண்டு கழுத்தை நீட்டி விறைத்து நிற்கிறதே, கேமராவுக்குப் பயந்திருக்கிறதோ என்று கேட்கும். புதியவர் தேறவேண்டுமானால் இரண்டு கண்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தூரிகை பழகுகிறவருக்கோ கட்டடங்களைப் படமெடுக்கிறவருக்கோ இந்த இரட்டைத் தேர்வு கிடையாது.

எரிக் ஹோஸ்கிங்கின் வாழ்க்கையில் இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. 1909-இல் லண்டனில் பிறந்தவர். பறவைப் படங்களையே பிழைப்பாகக் கொண்ட முதல் தலைமுறையில் தலையாயவர். 1937-இல் வேல்ஸ் நாட்டில் ஒரு பழுப்பு ஆந்தையின் கூட்டருகே மறைகூடாரம் அமைத்திருந்தார். இரவில் கூடாரத்துக்குத் திரும்பியபோது, இருட்டில் ஓசையின்றி வந்த ஆந்தை நகத்தால் தாக்கியது. இடது கண் போயிற்று. அதற்குப் பிறகும் அவர் ஆந்தைகளை விடவில்லை. 1940-களில் மின்னணு ஃப்ளாஷ் கைக்கு வந்ததும் இரவுப் பறவைகளின் பறத்தலை உறையவைத்துக் காட்டினார். 1948-இல் அவர் எடுத்த கூகையின் படம், வாயில் எலியோடு இரு சிறகும் விரித்து நேரே வரும் அந்தப் படம், இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

ஹோஸ்கிங்கின் இன்னொரு பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1945-இல் தொடங்கிய கொலின்ஸ் பதிப்பகத்தின் நியூ நேச்சுரலிஸ்ட் நூல்வரிசைக்கு அவர் ஒளிப்பட ஆசிரியர். ஜூலியன் ஹக்ஸ்லி, ஜேம்ஸ் ஃபிஷர் போன்ற அறிஞர்களோடு ஒரே ஆசிரியர் குழுவில் இருந்து, எந்தப் படம் நூலில் ஏறலாம், எது கூடாது என்று முடிவு செய்தார். பிரிட்டிஷ் பேர்ட்ஸ் இதழும் 1960 முதல் ஆண்டுதோறும் சிறந்த பறவைப் படங்களைத் தெரிந்தெடுத்து வெளியிடத் தொடங்கியது. அது பறவையியல் இதழ். அதன் பக்கங்களில் இடம்பிடிக்க அழகு மட்டும் போதாது. பறவையைப் பற்றி ஏதாவது ஒன்றைப் படம் சொல்லியாக வேண்டும். இளம் ஒளிப்படக்காரர்களுக்கு அந்தத் தேர்வே ஆண்டு முழுமைக்கான பாடம்.

அஞ்சல் பெட்டியும் நிற்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்த 1944-இல் நேச்சர் போட்டோகிராபர்ஸ் போர்ட்ஃபோலியோ என்ற இன்னொரு சங்கம் அதே முறையில் தொடங்கி, தன் பெட்டிகளைச் சுற்றுக்கு விட்டது.

இந்தியாவுக்கு இந்தக் கலை ஆங்கிலேய அதிகாரிகளின் மூட்டைமுடிச்சோடு வந்தது. சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-களிலேயே ஒளிப்படச் சங்கம் அமைத்துக் கண்காட்சிகள் நடத்தினார் என்றாலும், அன்று கேமரா கோயில்களையும் மனிதர்களையும்தான் பார்த்தது. பறவைகளின் முறை இருபதாம் நூற்றாண்டில் வந்தது. ரயில்வேயில் பணிபுரிந்த இ. எச். என். லவ்தர், ராணுவ அதிகாரி ஆர். எஸ். பி. பேட்ஸ் ஆகிய இருவரும் விடுமுறைகளை மறைகூடாரத்துக்குள் கழித்தார்கள். லவ்தரின் இந்திய அனுபவ நூல் 1949-இல் வந்தது. இருவரும் சேர்ந்து காஷ்மீர்ப் பறவைகளைப் பற்றி எழுதியது 1952-இல். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழ் அவர்களுக்கு அரங்கமாக இருந்தது. அந்த இதழைப் படித்தவர்கள் பறவையியலாளர்கள். படத்தில் பிழையிருந்தால் அவர்கள் கண்ணில் படாமல் தப்பாது.

மறைகூடார வேலையை நெருங்கிப் பார்த்தால் அதன் பொறுமை புரியும். கூடாரத்தை முதல் நாளே கூட்டருகே நட்டுவிட மாட்டார்கள். எட்ட வைத்து, பறவை பழகியதும் நாளுக்குச் சிறிது நகர்த்துவார்கள். படமெடுக்கும் நாளில் இரண்டு பேர் கூடாரத்துக்குள் போவார்கள். ஒருவர் மட்டும் சத்தமாக வெளியே நடந்து போவார். பறவை பெரும்பாலும் ஆள் போய்விட்டார் என்று நம்பிக் கூட்டுக்குத் திரும்பும். உள்ளே இருப்பவர் வெயிலிலும் புழுக்கத்திலும் இருமலை அடக்கிக்கொண்டு அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பார். இந்த நுணுக்கங்களைத் தனியே கண்டுபிடிக்க ஒருவருக்கு ஆயுள் போதாது. மூத்தவர் சொல்லித்தான் தெரியும்.

சிங்கப்பூரின் திரைப்படத் தொழிலதிபர் லோக் வான் தோவுக்கு அப்படி அமைந்தவர் சாலிம் அலி. ஜப்பானியப் படை சிங்கப்பூரைப் பிடித்த 1942-இல் தப்பி இந்தியா வந்தவர் லோக். இங்கே சாலிம் அலியின் நட்பு கிடைத்தது. பறவை ஆய்வுப் பயணங்களுக்குச் செலவு செய்ததோடு தாமும் உடன் போய்ப் படமெடுத்தார். நாட்டின் தலைசிறந்த பறவையியலாளரோடு கூடாரமடித்துத் தங்கிய பயிற்சி அது. 1957-இல் லண்டனில் வெளிவந்த அவருடைய ஒளிப்பட நூலில் அந்தப் பயிற்சியின் விளைச்சலைப் பார்க்கலாம். 1964-இல் தைவானில் நடந்த விமான விபத்தில் அவர் மறைந்தார்.

சுதந்திரத்துக்குப் பின் இந்தப் பயிற்சி மரபு ஊன்றி வளர்ந்த ஊர் பெங்களூர். அங்கே ஜி. தாமஸ் என்ற மருத்துவர் இருந்தார். இந்திய ஒளிப்படச் சங்கங்களை ஒரே கூட்டமைப்பின் கீழ் கொண்டுவர உழைத்தவர் அவர். ஓ. சி. எட்வர்ட்ஸ் என்ற இயற்கையாளரும் அங்கே இருந்தார். தஞ்சாவூரைத் தம் பெயரிலேயே தாங்கிய டி. என். ஏ. பெருமாள் 1960 வாக்கில் காட்டுயிர்ப் படங்களுக்குள் நுழைந்தபோது, காட்டை அவருக்குக் காட்டியவர் எட்வர்ட்ஸ்; ஒளிப்படத்தின் நுட்பத்தைத் தீட்டியவர் தாமஸ். பறவையின் கண்ணும் கேமராவின் கண்ணும் இரண்டு ஆசிரியர்களாகவே பெருமாளுக்கு வாய்த்தன என்று சொல்லலாம். கருப்புவெள்ளை அச்சுக்கலையில் அவர் எட்டிய உயரம் உலகெங்கும் சலோன்களில் பேர் வாங்கியது.

சலோன் என்பது அந்தத் தலைமுறையின் பெரிய பரீட்சை. இருட்டறையில் தாமே அச்சிட்ட பெரிய படங்களை அட்டைக்கு நடுவே பொதிந்து, சுங்கப் படிவத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். மாதங்கள் கழித்துப் பார்சல் திரும்பும். ஏற்கப்பட்ட படத்தின் முதுகில் அந்தச் சலோனின் வில்லை ஒட்டியிருக்கும். 1950-இல் உருவான ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு, இப்படிச் சேரும் ஏற்புகளைக் கணக்கில் கொண்டு பட்டங்களும் வழங்கியது. பழைய சலோன் படங்களைத் திருப்பிப் பார்த்தால், முன்பக்கத்தில் ஒரு பறவையும் பின்பக்கத்தில் பல நாட்டு வில்லைகளும் இருக்கும்.

ஆனால் சலோன் காரணம் சொல்லாது. மதிப்பெண் வரும், ஏன் அந்த மதிப்பெண் என்பது வராது. அந்தக் குறையை உள்ளூர்ச் சங்கங்கள் நிரப்பின. மைசூரிலும் பெங்களூரிலும் கூட்டங்களில் உறுப்பினர்கள் படங்களை வரிசையாக நிறுத்துவார்கள்; மூத்தவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார். பெங்களூரின் யூத் போட்டோகிராபிக் சொசைட்டி 1971-இல் இளைஞர்களுக்காகவே தொடங்கியது. வாலின் நுனி சட்டத்தை இடிக்கிறது, பறவை பார்க்கும் திசையில் இடம் விடவேண்டும், இரண்டடி தாழ்ந்து எடுத்திருந்தால் பின்னணியில் அந்த வெள்ளை வானம் வந்திருக்காது என்பன போன்ற பாடங்கள் இப்படித்தான் கைமாறின. பெருமாளும் பிற்காலத்தில் அந்த மூத்தவரின் இடத்தில் வந்து அமர்ந்தார். அவரிடம் படங்களைக் காட்டித் திருத்தம் பெற்ற ஒரு தலைமுறை கர்நாடகத்தில் இருக்கிறது. 2017-இல் அவர் காலமானார்.

சென்னையில் மா. கிருஷ்ணன் வேறொரு வழியில் நடந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர், பல நிறுவனங்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே பூட்டிய கனத்த கேமராவுக்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயரிட்டுக் காடுகளில் சுமந்தவர். வண்ணப்படத்தை அவர் நாடவில்லை. உயிரை அது வாழும் இடத்தோடு காட்டவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996-இல் தாம் இறக்கும்வரை இயற்கைப் பத்தி எழுதியவருக்கு, சலோன் வில்லைகளைவிட வாசகரின் கண்ணே பெரிது. முகத்தை மட்டும் நெருக்கமாகக் காட்டும் படங்களுக்கு நடுவே, பறவை நிற்கும் மரத்தையும் அதன் கீழுள்ள நீரையும் சேர்த்துக் காட்டும் அவருடைய படங்கள் புதியவர்களுக்கு இன்றும் நல்ல மாற்றுப்பாடம்.

இந்த நூற்றாண்டுகால விமர்சனம் விளைவித்த மிகப் பெரிய மாற்றம், படங்களின் அழகில் ஏற்பட்டதல்ல. கூட்டைப் பற்றிய தீர்ப்பில் ஏற்பட்டது.

கியர்ட்டன் காலத்தில் கூடுதான் கலையின் மையம். கூட்டை மறைக்கும் கிளைகளை ஒதுக்கிக் கட்டுவதும், சில சமயம் வெட்டுவதும் வழக்கமாகவே இருந்தது. மறைப்புப் போன கூட்டைக் காகம் எளிதில் கண்டுகொள்ளும். வெயில் நேரே குஞ்சுகளின் மேல் விழும். தாய்ப்பறவை கூட்டையே கைவிடவும் கூடும். பறவை அறிந்த விமர்சகர்கள் இதைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். மெல்ல மெல்லச் சட்டமும் பின்தொடர்ந்தது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சிதைப்பதையும் கூடுகளைத் தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்தது. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிறப்புப் பட்டியலில் உள்ள பறவைகளைக் கூட்டருகே தொந்தரவு செய்ய நேரும் படப்பிடிப்புக்கு உரிமம் தேவை. 2014-இல் ஃபியாப், ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி, அமெரிக்காவின் போட்டோகிராபிக் சொசைட்டி ஆகிய மூன்றும் இயற்கை ஒளிப்படத்துக்கு ஒரே வரையறையை ஒப்புக்கொண்டன. படத்தில் எதையும் சேர்ப்பதோ நீக்குவதோ அந்த வரையறைக்குள் வராது. இன்று கூட்டுப் படங்களை ஏற்காத போட்டிகளும் அமைப்புகளும் இந்தியாவில் பல. ஒருகாலத்தில் பதக்கம் வாங்கிக் கொடுத்த படம், இன்று அனுப்பியவரைத் தலைகுனிய வைக்கும்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் பதிலின் வேகம் மாறியது. தகட்டுக் காலத்தில் இருட்டறைவரை காத்திருக்க வேண்டும். ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்கள். கழுவி வரும்வரை தவறு தெரியாது. இப்போது மீன்கொத்தி நீரில் பாய்ந்து எழுவதற்குள் இருபது முப்பது படங்கள் மெமரி கார்டில் விழுகின்றன. ஷட்டர் வேகம் போதாமல் சிறகு கலங்கியிருந்தால் அடுத்த பாய்ச்சலுக்குள் திருத்திக்கொள்ளலாம். கேமராவே முதல் விமர்சகர் ஆகிவிட்டது. ஆனால் அதன் திரை கூர்மையையும் ஒளியையும் மட்டுமே சொல்லும். பறவை ஏன் வாலைத் தூக்கிக் கத்துகிறது என்பதை அது சொல்லாது. ஒரு பனங்காடை இரைக்காகக் காத்திருக்கிறதா, ஒளிப்படக்காரர் விலகுவதற்காகக் காத்திருக்கிறதா என்பது பறவையை அறிந்தவருக்கே தெரியும்.

ஆகவே வேடந்தாங்கலுக்கோ பள்ளிக்கரணைக்கோ முதல்முறையாகக் கேமராவோடு போகிற இளைஞர்கள், பழைய பெட்டிச் சங்கங்களின் நடைமுறையைத் தங்களுக்குள் திரும்பக் கொண்டுவரலாம். நாலைந்து பேர் சேர்ந்தால் போதும். மாதம் ஒரு படம். வெட்டித் திருத்தாத மூலமும் உடன் இருக்கட்டும். எங்கே, எவ்வளவு தொலைவில், எப்படி அணுகி எடுத்தது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். குழுவில் ஒருவராவது கேமரா தொடாத பறவை நோக்கராக இருக்கட்டும். நன்று என்று மட்டும் எழுதும் கருத்தை ஏற்காதீர்கள். எது நன்று, எது சரியில்லை, அடுத்தமுறை என்ன செய்யலாம் என்று கேளுங்கள். மற்றவர் படத்துக்கும் அதே அக்கறையோடு எழுதுங்கள். படம் நன்றாக வந்து பறவை பயந்திருந்தால், அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.